மூடிய சுரங்கத்தில் ஆடு மேயுமா?

2020 ஜனவரி 8 அன்று உச்ச நீதிமன்றம் நாட்டின் சுரங்கக் குத்தகைகளில் ஒரு நிபந்தனையைச் சேர்க்கச் சொன்னது. வேலை முடிந்தபின், தோண்டிய இடத்திலும் அந்த வேலையால் கெட்டுப்போன மற்ற இடங்களிலும் குத்தகைதாரர் மறுபடி புல் வளர்க்க வேண்டும். தீவனமும் செடிகொடியும் உயிரினங்களும் தழைக்கத் தக்க நிலைக்கு அந்த மண்ணைக் கொண்டுவர வேண்டும். அதை உறுதிப்படுத்தும் செலவும் குத்தகைதாரருடையதே. எட்டாம் நாள், ஜனவரி 16 அன்று, மத்திய சுற்றுச்சூழல் அமைச்சகம் இதை அனுமதி நிபந்தனைகளில் சேர்த்துக் குறிப்பாணை அனுப்பியது.

மரம் வளர்க்க வேண்டும் என்று நீதிபதிகள் சொல்லியிருந்தால் யாரும் வியந்திருக்க மாட்டார்கள். புல் என்றார்கள். சுரங்கம் வந்தால் புல் அடியோடு போய்விடுகிறது, மேயும் உயிர்களுக்குத் தீவனம் இல்லாமல் போகிறது என்பதுதான் அவர்கள் காட்டிய காரணம். இந்த நாட்டில் சுரங்கம் பற்றி எழுதப்பட்ட எத்தனையோ காகிதங்களில் ஆடுமாட்டின் வயிற்றிலிருந்து யோசித்த வாசகம் இது ஒன்றுதான் என்று எனக்குத் தோன்றுகிறது. மரக்கன்று நட்ட கணக்கைக் காகிதத்தில் காட்டிவிடலாம். மூன்று வருடத் தைலமரத் தோப்பு, ஓடும் ஜீப்பிலிருந்து பார்த்தால் காடு மாதிரியே தெரியும். புல்லைப் பார்க்க வண்டியை விட்டு இறங்க வேண்டும், குனிய வேண்டும்.

சேலம் அஸ்தம்பட்டியில் குடியிருப்பவர்களுக்கு இது டெல்லியில் நடந்த ஏதோ ஒரு விஷயம் அல்ல. இங்கிருந்து வடக்கே ஏற்காடு சாலை; அது சேர்வராயன் மலைக்குப் போகிறது. மேற்கே ஐந்து ரோட்டைத் தாண்டி ஓமலூர் சாலையில் போனால் மாமாங்கம், டால்மியா போர்டு, ஜாகீர் அம்மாபாளையம், வெள்ளக்கல்பட்டி என்று ஊர்கள் வரும். ரயில் நிலையம் ஒன்றுக்கே மேக்னசைட் ஜங்ஷன் என்று பெயர். வெள்ளைக்கல் என்று ஊர்க்காரர்கள் சொல்லும் மேக்னசைட்டை ஒரு நூற்றாண்டுக்கும் மேலாக எடுத்துவரும் கரடுகள் அங்கேதான் இருக்கின்றன. வெள்ளைக்காரர் காலத்து வரைபடங்களிலேயே இவற்றைச் சுண்ணாம்புக் குன்றுகள் என்று குறித்திருக்கிறார்கள். பர்ன் ஸ்டாண்டர்ட், டால்மியா, 1979இல் தமிழக அரசு தொடங்கிய டான்மாக் என்று மூன்று பெயர்கள் சேலத்துக்காரர்கள் வாயில் எப்போதும் இருந்தன. பர்ன் ஸ்டாண்டர்டின் சேலம் பிரிவு 2011இல் செயில் என்ற பொதுத்துறை எஃகு நிறுவனத்தின் கைக்கு வந்தது. எஃகு உருக்கும் உலையின் உட்சுவர் அந்த வெப்பத்தைத் தாங்குவது இந்த வெள்ளைக்கல்லைச் சுட்டுச் செய்த செங்கற்களால்தான்.

சேலத்தில் நிலக்கரி கிடையாது. ஆனால் மேட்டூர் அனல் மின் நிலையத்தின் கொதிகலனில் எரியும் கரி எங்கோ ஒரு ஊரின் மேய்ச்சல் நிலத்துக்கு அடியிலிருந்து வருகிறது. அந்த ஊரின் குழி மூடப்படும்போது யார் வந்து பார்க்கிறார்கள், எதைப் பார்த்துவிட்டுச் சரி என்று கையெழுத்துப் போடுகிறார்கள் என்ற கேள்வி, அந்த மின்சாரத்தில் விளக்கெரிக்கும் நமக்கும் உரியது. தமிழ்நாட்டில் இந்தக் கேள்வியைப் பெரிய அளவில் கேட்க ஓர் இடம் உண்டு, அது நெய்வேலி. சின்ன அளவில் கேட்க எனக்கு வெள்ளைக்கல் கரடு போதும்.

மண் ஆய்வகத்தில் வேலை பார்த்து ஓய்வுபெற்ற நண்பர் ஒருவரோடு, கார்த்திகை மழை விட்டிருந்த ஒரு காலைப் பொழுதில், வேலி இல்லாத ஒரு பழைய கழிவுமேட்டின் ஓரமாக நடந்தேன். வெள்ளைக்கல் அங்கே கரும்பச்சைப் பாறைக்குள் நரம்பு நரம்பாக ஓடுகிறது. நரம்பை எடுக்கப் பாறை முழுவதையும் உடைத்தாக வேண்டும். எடுத்துக்கொண்டது போக மிச்சமெல்லாம் மேடாகக் குவியும். நான் மேட்டின் உச்சியில் நின்ற வேலிக்காத்தானைப் பார்த்துக்கொண்டிருந்தேன். அவர், "மேல பாக்காதீங்க. மொதல்ல அடிவாரத்தப் பாருங்க" என்றார்.

மேட்டைப் பற்றிய முதல் சேதி அடிவாரத்தில்தான் இருக்கிறது. மழை எவ்வளவு மண்ணை இறக்கிக்கொண்டு வந்திருக்கிறது, அடியில் கல் அணைப்பு இருக்கிறதா, மேட்டைச் சுற்றி வெட்டிய வடிகால் வண்டலால் நிரம்பிக் கிடக்கிறதா, நீர் எங்காவது தானாகக் கசிகிறதா. பிறகு சரிவு. கைவிரல் அகலத்தில் தொடங்கும் நீர்க்கீறல், கீழே போகப் போக ஒரு ஆள் இறங்கி நிற்கும் பள்ளமாகிவிடும். சரிவில் பள்ளம் விழுந்துவிட்டால் மேலே நட்ட எதுவும் நிலைக்காது. சரிவின் சாய்வு 28 டிகிரிக்கு மேல் போகக் கூடாது என்று பல சுரங்க அனுமதிகளில் நிபந்தனை எழுதுகிறார்கள். இது எழுதுவதற்குச் சின்ன எண், சாதிப்பதற்குப் பெரிய வேலை. லாரியிலிருந்து கொட்டிய கல்லும் மண்ணும் தானாக நிற்கும் சாய்வு அதைவிடச் செங்குத்தானது. அதை இழுத்து, படிப்படியாக வெட்டி, பரப்பித்தான் இறக்க முடியும். பரப்பினால் கூடுதல் இடம் வேண்டும். அந்த இடம் பெரும்பாலும் பக்கத்துக்காரரின் காடாக இருக்கும். எங்கள் பக்கத்தில் மானாவாரி நிலத்தைக் காடு என்றுதான் சொல்வோம்.

கையோடு கொண்டுவந்திருந்த தண்ணீர் பாட்டிலை அவர் மேட்டின் ஒரு படியில் கவிழ்த்தார். நீர் கொஞ்சமும் இறங்காமல் மேலேயே வழிந்து, சுண்ணாம்பு கரைத்ததுபோலக் கலங்கி ஓடியது. பத்தடி தள்ளி, செடி அடர்ந்திருந்த ஓரிடத்தில் மிச்சத்தை ஊற்றினார். அங்கே பார்த்துக்கொண்டிருக்கும்போதே மண் குடித்துவிட்டது. அங்கிருந்த செடி கொழுஞ்சி. வயலுக்குத் தழையுரமாகப் போடுவார்களே, அதே கொழுஞ்சி. யாரும் நட்டதல்ல. ஒன்றைப் பிடுங்கி வேரை உதறிக் காட்டினார். வேரில் கடுகைவிடக் கொஞ்சம் பெரிதான முடிச்சுகள் ஒட்டிக்கொண்டிருந்தன. ஒன்றை நகத்தால் கிள்ளினார். உள்ளே இளஞ்சிவப்பு. அந்த நிறம் இருந்தால் வேர்முடிச்சுக்குள் இருக்கும் நுண்ணுயிர் காற்றிலிருக்கும் நைட்ரஜனைப் பிடித்து மண்ணுக்கு ஊட்டிக்கொண்டிருக்கிறது என்று அர்த்தம். உள்ளே வெளுத்தோ பச்சையாகவோ இருந்தால் வேலை நடக்கவில்லை. ஆய்வுப் படிவத்தில் இதற்கு ஒரு கட்டம் இருந்தால் எவ்வளவு நன்றாக இருக்கும் என்று அன்று முதல் நினைத்துக்கொண்டிருக்கிறேன். அதற்குக் கருவியும் வேண்டாம், ஆய்வகமும் வேண்டாம்.

வெள்ளைக்கல் கரட்டின் மண் லேசுப்பட்டது அல்ல. அந்தப் பச்சைப் பாறையில் மக்னீசியம் மிக அதிகம், கால்சியம் குறைவு, நிக்கலும் குரோமியமும் உண்டு. பயிருக்கு வேண்டிய நைட்ரஜனும் பாஸ்பரஸும் பெயருக்குத்தான் இருக்கும். உலகமெங்கும் இந்தவகைப் பாறை மேல் வளரும் செடிகள் குட்டையாகவும் இடைவெளி விட்டும்தான் நிற்கும். அந்த மண்ணில் பழகிய செடிகளின் கூட்டமே தனி. அங்கே நர்சரியிலிருந்து வந்த கன்றைக் குழி வெட்டி, செம்மண் நிரப்பி நட்டால் இரண்டு வருடம் செழிக்கும். வேர் குழியின் சுவரைத் தாண்டும்போதுதான் உண்மையான பரிசோதனை ஆரம்பமாகிறது. நட்டவருக்கான பணம் அதற்குள் பட்டுவாடா ஆகியிருக்கும்.

மேட்டின் மறுபக்கம் ஆடு ஓட்டிவந்த ஓர் அம்மா எங்களை நெடுநேரம் பார்த்துக்கொண்டிருந்துவிட்டு, "என்னங்க தேடறீங்க, எதாச்சும் வுழுந்துபோச்சுங்களா?" என்று கேட்டார். புல் பார்க்கிறோம் என்றோம். "இந்த மேட்டுல ஆடு வாய் வெக்காதுங்க. ஏறுனா எறங்கிக்கும். அந்த ஓடைக்கு அந்தாண்ட கொழுக்கட்டப்புல்லு கெடக்குது, அங்கதான் ஓட்டுவோம். அதுவும் மாசி தாண்டுனா காஞ்சிரும்" என்றார். எந்தச் சரிவில் எந்த மாதம் எது முளைக்கும், எது முளைத்தும் ஆடு தொடாது, எந்தக் குட்டையில் நீர் குடித்தால் ஆட்டுக்குக் கழியும் என்று அவர் சொன்னதையெல்லாம் நண்பர் நோட்டில் எழுதிக்கொண்டார். அரை மணி நேரத்தில் அவரிடம் கேட்டதை எந்த அறிக்கையிலும் நான் படித்ததில்லை.

நெய்வேலியின் கதை இதைவிடப் பெரியது. 1930களில் ஜம்புலிங்க முதலியாரின் நிலத்தில் கிணறு வெட்டப்போய்க் கறுப்பாக ஏதோ தட்டுப்பட்டதில் தொடங்கியது. 1956 நவம்பரில் அதை வெட்டியெடுக்க ஓர் அரசு நிறுவனம் உருவானது. 1957 மே 20 அன்று நேரு சுரங்க வேலையைத் தொடங்கிவைத்தார். 1961இல் பழுப்பு நிலக்கரி வெளிச்சத்தைப் பார்த்தது. அந்தக் கரியால் 1962இல் ஓட ஆரம்பித்த முதல் அனல் மின் நிலையம் 2020 செப்டம்பரில் நிறுத்தப்பட்டுவிட்டது. அறுபது ஆண்டுக்குள் ஒரு மின் நிலையம் பிறந்து, மூப்படைந்து, ஓய்ந்துவிட்டது. ஆனால் அதற்குக் கரி தந்த நிலத்துக்கு இன்னும் வயது ஆகவில்லை. தோண்டி முடித்த பகுதியை மூடி மண் கொட்டினார்களே, அது புதிதாகப் பிறந்த நிலம்.

புதிதாகப் பிறந்த நிலம் என்று நான் சொல்வது அலங்காரத்துக்கு அல்ல. கரி எடுப்பதற்கு முன்னால் அதன் மேலிருக்கும் கடலூர் மணற்கல்லையும் களிமண்ணையும் முப்பது ஆள் உயரத்துக்கும் அதற்கு மேலும் வெட்டி எடுக்க வேண்டும். பெரிய சக்கரத்தில் வாளிகள் கோத்த ராட்சத இயந்திரங்கள் அதைச் செய்கின்றன. மேலே இருந்தது முதலில் வெட்டப்படுகிறது, முதலில் கொட்டப்படுகிறது. கவனிக்காமல் விட்டால் பல தலைமுறை எருவும் தழையும் போட்டு ஆக்கிய மேல்மண் குழியின் அடியில் போய்விடும், சூரியனையே பார்க்காத ஆழத்து மணல் மேலே வந்துவிடும். அதனால் மேல்மண்ணைத் தனியாக எடுத்து வைத்துக் கடைசியில் மேலே பரப்ப வேண்டும் என்பது விதி. அதிலும் ஒரு சிக்கல். குவித்து வைத்த மேல்மண் வருடக்கணக்கில் அப்படியே கிடந்தால், அதற்குள் காற்றில்லாமல் வேரோடு உறவாடும் பூஞ்சைகளும் மண்புழுக்களும் செத்துப்போகும். பரப்பும்போது நிறம் மட்டும்தான் மேல்மண்ணாக இருக்கும்.

நெய்வேலியில் இதற்கான வேலை நடக்கவில்லை என்று சொன்னால் அது அநியாயம். தமிழ்நாடு வேளாண் பல்கலைக்கழகத்தின் துணையோடு சுரங்க மண்ணில் தொழு உரம், தழையுரம் என்று போட்டுப் பயிர் வைத்துப் பார்த்தார்கள். நெல்லும் விளைந்தது. ஏரி வெட்டி, மரம் வளர்த்து, பறவைகள் வந்து தங்கும் பூங்காவும் ஆக்கியிருக்கிறார்கள். கரி வெட்டிய இடத்தில் நாரை நிற்பதைப் பார்க்கும்போது எனக்கும் மனம் நிறைகிறது. ஆனால் ஒன்றைச் சொல்லியாக வேண்டும். பல்கலைக்கழகம் பக்கத்தில் நின்று விளைவித்த ஒரு ஏக்கர் நெல் செய்து காட்ட முடியும் என்பதற்குச் சாட்சி. அந்த மண்ணை ஒரு சாதாரணக் குடும்பத்திடம் கொடுத்து, நிறுவனத்தின் நீரும் உரமும் இல்லாமல், தொடர்ந்து வரும் நல்ல வருடம் கெட்ட வருடம் எல்லாவற்றிலும் விளையவிட்டுப் பார்ப்பது வேறு சோதனை. அந்த இரண்டாவது சோதனைக்கு வழியே இல்லை. ஏனென்றால் நிலம் அந்தக் குடும்பத்திடம் திரும்பிப் போவதில்லை.

என்னைப் பொறுத்தவரை மொத்த விஷயத்தின் முடிச்சும் இதுதான். கரி நிலங்களைக் கையகப்படுத்த 1957இல் மத்தியச் சட்டம் வந்தது. எடுத்த நிலத்தில் கரி தீர்ந்தபின் என்ன செய்வது என்பதற்கு 2022 ஏப்ரலில்தான் மத்திய அமைச்சரவை ஒரு கொள்கை வகுத்தது. கரி, எரிசக்தி சார்ந்த கட்டமைப்புகளுக்கு அந்த நிலத்தைக் குத்தகைக்கு விடலாம், நிலத்தின் உரிமை அரசு நிறுவனத்திடமே நீடிக்கும் என்பது அதன் சாரம். பாட்டன் உழுத காடு பேரனுக்கு ஒருநாள் திரும்பும் என்ற எண்ணமே அதில் இல்லை. 2023 ஜூலையில் நெய்வேலிக்கு அருகே வளையமாதேவியில், பரவனாற்றுக்கு மாற்றுக் கால்வாய் வெட்ட, பச்சைப் பயிர் நின்ற வயலில் இயந்திரங்கள் இறங்கிய காட்சியைத் தமிழ்நாடே பார்த்தது. நிலம் பல வருடங்களுக்கு முன்பே எடுக்கப்பட்டு இழப்பீடும் கொடுக்கப்பட்டது என்றது நிறுவனம். கதிர் வாங்கும்வரை பொறுக்கக் கூடாதா என்று ஊர் கேட்டது. சென்னை உயர் நீதிமன்றம் அழிந்த பயிருக்கு ஏக்கருக்கு 40,000 ரூபாய் தரச் சொன்னது. அந்த வயல்காரர்களிடம் போய், முப்பது வருடம் கழித்து இந்த இடத்தைப் பசுமையாக்கித் தருவோம் என்று சொன்னால், யாருக்கு என்றுதான் கேட்பார்கள்.

பணம் எப்படி இயங்குகிறது என்பதையும் பார்க்க வேண்டும், ஆய்வின் கண்களைத் தீர்மானிப்பது பெரிதும் அதுதான். 2009க்கு முன் இந்தியக் கரிச் சுரங்கங்களை மூடுவதற்கென்று தனி வழிகாட்டு நெறியே இல்லை. கரி தீர்ந்தால் விட்டுவிட்டுப் போனார்கள். ஜார்கண்டின் ஜரியாவில் 1916இல் முதலில் கண்டறிந்த தீ நிலத்தடியில் இன்னும் எரிகிறது. 2009 ஆகஸ்டில் வந்த நெறிகள், திறந்தவெளிச் சுரங்கத்துக்கு ஹெக்டேருக்கு 6 லட்சம், நிலத்தடிச் சுரங்கத்துக்கு 1 லட்சம் என்று கணக்கிட்டு, தனிக் கணக்கில் முன்கூட்டியே வைப்புத்தொகை கட்ட வைத்தன. 2013இல் திருத்தம் வந்தது. ஐந்து ஆண்டுக்கு ஒருமுறை, செய்த மீட்பு வேலைக்கு ஏற்ப, கட்டியதில் 80 சதவீதம் வரை திருப்பிப் பெற அந்த நெறிகள் அனுமதித்தன. மிச்சம் கடைசி மூடலின்போது. யோசனை நல்லதுதான். ஆனால் எந்த அளவுகோலில் பணம் திரும்புகிறதோ அந்த அளவுகோலுக்குத்தான் வேலை நடக்கும். கன்றை எண்ணிப் பணம் தந்தால் கன்று நடுவார்கள். அடிவாரக் கசிவையும் வேர்முடிச்சையும் மாசி மாதத்துப் புல்லையும் பார்த்துப் பணம் தந்தால் அவற்றைச் செய்ய ஆள் தேடுவார்கள்.

அமெரிக்கா 1977இல் இதற்கென்று சட்டம் கொண்டுவந்தது. கரி எடுப்பவர் முதலிலேயே பிணையம் கட்ட வேண்டும். குழியை நிரப்பி நிலத்தை ஏறக்குறையப் பழைய வடிவத்துக்குக் கொண்டுவந்தால் அதில் 60 சதவீதம் வரை விடுவிப்பார்கள். செடி பிடித்தபின் இன்னொரு பகுதி. கடைசிப் பகுதிக்குக் காத்திருக்க வேண்டும். ஆண்டு மழை 26 அங்குலத்துக்கு மேல் பெய்யும் இடத்தில், கடைசியாக விதைத்து உரமிட்ட நாளிலிருந்து ஐந்து ஆண்டு. அதற்குக் குறைந்த மழை என்றால் பத்து ஆண்டு. இந்த ஒரு விதியில் மண்ணைப் பற்றிய அறிவு எவ்வளவு இருக்கிறது என்று பாருங்கள். வறண்ட பூமி மெதுவாகத்தான் ஆறும் என்பதைச் சட்டமே ஒத்துக்கொள்கிறது. சேலத்தில் சராசரி மழை 26 அங்குலத்தைத் தாண்டும். ஆனால் அதில் பெரும்பகுதி ஆடியிலிருந்து கார்த்திகைக்குள் கொட்டித் தீர்ந்துவிடும். மாசி முதல் வைகாசி வரை அந்த மேடு வாணலியாகக் காயும். சராசரியை வைத்து எங்கள் ஊருக்கு ஐந்து ஆண்டு போதும் என்று யாராவது முடிவுசெய்தால், அவர் பங்குனியில் இங்கே வந்ததில்லை என்று அர்த்தம்.

ஆய்வில் எதை விட்டுவிடுகிறோம் என்பதற்கு உலகமே அறிந்த ஒரு பாடம் வேல்ஸ் நாட்டின் அபர்ஃபான். 1966 அக்டோபர் 21, வெள்ளிக்கிழமை காலை. ஊருக்கு மேலே மலைச்சரிவில் குவிந்திருந்த ஏழாம் எண் கரிக்கழிவு மேடு சேறாகக் கரைந்து இறங்கிப் பள்ளிக்கூடத்தை மூடியது. 144 பேர் இறந்தார்கள், அதில் 116 பேர் குழந்தைகள். அந்த மேட்டை நீரூற்றின் மேலேயே கொட்டியிருந்தார்கள். ஊற்று அங்கே இருப்பது ஊரில் எல்லோருக்கும் தெரியும். மேடு நகர்கிறது, சேறு இறங்குகிறது என்று முன்பே புகாரும் போயிருந்தது. ஆனால் அன்றைய சட்டம் சுரங்கத்துக்குள் வேலை செய்பவர்களின் பாதுகாப்பை மட்டும்தான் பேசியது. வெளியே கொட்டிய மேட்டைப் போய்ப் பார்ப்பது யாருடைய கடமையாகவும் எழுதப்படவில்லை. தேசியக் கரி வாரியத்தின் மேல்தான் பழி என்று விசாரணை ஆணையம் 1967இல் சொன்னது. கழிவு மேடுகளுக்கான சட்டம் 1969இல் வந்தது.

அதற்குப் பின் நடந்ததுதான் என்னை இன்னும் அதிகமாக வாட்டுகிறது. ஊருக்கு மேலே மிச்சமிருந்த மேடுகளை அகற்றுங்கள் என்று பிள்ளைகளைப் பறிகொடுத்தவர்கள் கேட்டார்கள். அகற்றும் செலவுக்கென்று, உலகம் முழுவதிலிருந்தும் அவர்களுக்காக வந்து சேர்ந்த நிவாரண நிதியிலிருந்தே 150,000 பவுண்டை அரசு எடுத்துக்கொண்டது. அந்தப் பணம் திரும்பி வர 1997 ஆனது, அதுவும் வட்டி இல்லாமல். மேட்டைக் கொட்டியவர்களுடைய செலவை இறந்த குழந்தைகளின் பெயரால் வந்த காசு சுமந்தது. கழிவைக் கொட்டியவரிடம் முன்கூட்டியே பணம் வாங்கி வைக்க வேண்டும் என்பதற்கு இதைவிட வலுவான வாதம் எனக்குத் தெரியாது.

எங்கள் கரட்டுக்குத் திரும்பினால் இன்னொரு சிக்கல் இருக்கிறது. 2015 பிப்ரவரியில் மத்திய அரசு 31 கனிமங்களைச் சிறு கனிமங்கள் என்று அறிவித்தது. அதில் டியூனைட் ஒன்று. வெள்ளைக்கல் நரம்போடும் அந்தப் பச்சைப் பாறைதான் அது. ஆகவே ஒரே குழியில் நரம்பு பெருங்கனிமமாக மத்தியச் சுரங்கத் துறையின் விதிகளுக்குள் வருகிறது, அது ஓடும் பாறை சிறு கனிமமாக மாநில விதிகளுக்குள் வருகிறது. எடுக்கும்போது இரண்டு கனிமத்துக்கும் உரிமைத்தொகை வாங்க வழி இருக்கிறது. மூடும்போது மேட்டின் பொறுப்பு இரண்டு அலுவலகங்களுக்கும் நடுவில் விழுந்துவிடக் கூடாது என்பதுதான் என் கவலை. ஏற்காட்டிலும் கொல்லிமலையிலும் பாக்சைட் வெட்டிய சிவந்த குழிகளையும் இதோடு சேர்த்துத்தான் நினைக்கிறேன். மலை உச்சியில் கிடக்கும் குழியைப் பார்க்க யாரும் தற்செயலாகப் போவதில்லை. அதன் மண் இறங்குவது கீழே இருக்கும் ஓடைகளில்.

ஒரு சுரங்கத்தைத் திறப்பதற்கு முன், 2006 செப்டம்பர் 14 அறிவிக்கையின்படி, மக்கள் கருத்துக்கேட்புக் கூட்டம் நடத்த வேண்டும். பந்தல் போட்டு, மாவட்ட நிர்வாகமும் மாசுக் கட்டுப்பாட்டு வாரியமும் உட்கார்ந்து, ஊர்க்காரர்கள் மைக் பிடித்துப் பேசுவார்கள். அந்தக் கூட்டங்களைப் பற்றி ஆயிரம் குறை சொல்லலாம். இருந்தாலும் அங்கே பேசியது எழுத்தில் ஏறுகிறது. சுரங்கத்தை மூடும்போது அப்படியொரு கூட்டம் கிடையாது. முப்பது ஐம்பது வருடத் தூசியையும் வெடிச் சத்தத்தையும் தாங்கியவர்களிடம், இதோ முடித்துவிட்டோம், சரியாக இருக்கிறதா என்று கேட்க ஒருவரும் வருவதில்லை. மூடல் என்பது நிறுவனத்துக்கும் அலுவலகத்துக்கும் இடையில் நடக்கும் கோப்பு.

அமெரிக்கச் சட்டத்தில் எனக்குப் பிடித்த பகுதி பிணையத் தொகை அல்ல. பிணையத்தைத் திருப்பிக் கேட்கும் நிறுவனம் அந்த வட்டாரப் பத்திரிகையில் வாரம் ஒருமுறை, தொடர்ந்து நான்கு வாரம் விளம்பரம் போட வேண்டும். ஆட்சேபம் உள்ளவர்கள் எழுதலாம், விசாரணை கேட்கலாம். அதோடு, விதி மீறல் நடப்பதாகத் தகவல் கொடுத்து ஆய்வு வரக் காரணமான குடிமகன், ஆய்வாளர் சுரங்கத்துக்குள் போகும்போது கூடவே நடந்து போகலாம். வாசலில் நிறுத்த முடியாது. அங்கேயும் இதை மீறியவர்கள் உண்டு, கைவிடப்பட்ட குழிகள் உண்டு, பிணையம் போதாமல் போன கதைகளும் உண்டு. ஆனாலும் கூடவே நடக்கும் உரிமை என்று ஒன்று எழுதப்பட்டிருக்கிறது. அன்று கரட்டில் ஆடு ஓட்டிவந்த அந்த அம்மாவை நினைத்துக்கொள்கிறேன். எந்தச் சரிவைத் தோண்டிப் பார்க்க வேண்டும் என்று ஆய்வாளருக்குக் காட்ட அவரைவிடத் தகுந்தவர் யாரும் இந்த மாவட்டத்தில் இல்லை.

ஆகவே நான் கேட்பது இவ்வளவுதான். மூடலுக்கு முன்னும் ஒரு கருத்துக்கேட்பு வேண்டும். அது ஆட்சியர் அலுவலக அரங்கில் நடக்க வேண்டாம், அந்த மேட்டின் அடிவாரத்தில் நடக்கட்டும். சுற்றுவட்டக் கிணறுகளின் நீர்மட்டம் தோண்டுவதற்கு முன் என்ன, இப்போது என்ன என்று கிணற்றுக்காரர் முன்னிலையில் அளக்க வேண்டும். வடிகாலை மழையின்போது பார்க்க வேண்டும். நீர் தேங்கிய குழிக்கு வேலி போட்டால் போதாது, அதன் கரை இறங்கி ஏறும் சாய்வில் இருக்கிறதா என்று ஒரு பசுவை ஓட்டிப் பார்க்க வேண்டும். சீரான நிலத்தில் மேய்ச்சல் உரிமை யாருக்கு, எத்தனை ஆண்டுக்கு என்று ஊராட்சிப் பதிவேட்டில் பெயரோடு எழுத வேண்டும். ஆய்வாளரோடு அந்த ஊரில் ஆடு மேய்ப்பவர் ஒருவரும் கிணற்றுப் பாசனக்காரர் ஒருவரும் நடக்க வேண்டும், அறிக்கையில் அவர்கள் சொன்னது அவர்கள் வார்த்தையில் இருக்க வேண்டும். அந்த நடை கார்த்திகையில் ஒரு தரம், சித்திரையில் ஒரு தரம். கார்த்திகையில் எந்தக் கழிவுமேடும் பச்சையாகத்தான் இருக்கும். வைப்புத்தொகையைத் திருப்பித் தருவதா வேண்டாமா என்பதைச் சித்திரையில் எழுதிய குறிப்பை வைத்து முடிவு செய்யட்டும்.